தாத்தா காலத்துப் பத்திரத்தில் உள்ள அரபி, பாரசீகச் சொற்களுக்கு ஆங்கிலப் பொருள் காண்பது எப்படி?

போன வருஷம் என் தம்பி புனேயில் தொழில் தொடங்கக் கடன் கேட்டான். ஈடாகக் காட்டியது போளூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டையும் அதை ஒட்டிய மனையையும். வங்கியின் வக்கீலுக்குத் தமிழ் தெரியாது. மூலப் பத்திரங்கள் எல்லாவற்றுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும் என்றார். எங்களிடம் இருந்தது 1951-ல் எழுதிய ஏழு பக்கக் கறார் பத்திரம் (ஒப்பந்தம்), அதற்கடுத்த கிரயப் பத்திரம், கொஞ்சம் கிஸ்தி (நிலவரி) ரசீதுகள். பக்கத்துக்கு 500 ரூபாய் என்று பேசி கறாரை மட்டும் முதலில் ஒருவரிடம் கொடுத்தோம். 3,500 ரூபாய் போனது. வந்த மொழிபெயர்ப்பை வங்கி திருப்பி அனுப்பியது. தப்பு ஆங்கிலத்தில் இல்லை. பத்திரத்தில் இருந்த அரபி, பாரசீகச் சொற்களுக்கு இன்றைய தமிழில் என்ன பொருளோ அதையே அவர் எழுதிவிட்டார்.

பிறகு நானே உட்கார்ந்தேன். இரண்டு மாதம் ஆனது. வழி தெரிந்திருந்தால் இரண்டு வார இறுதிகளில் முடிந்திருக்கும். அந்த வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. முதலில் தெளிவான நகல்

வீட்டில் இருக்கும் பழைய தாளை வைத்துக்கொண்டு தொடங்காதீர்கள். மடிப்பில் எழுத்து போயிருக்கும், ‘ஜ’வா ‘ஐ’யா என்று தெரியாது. பதிவான பத்திரம் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகலுக்கு மனுப் போடுங்கள். பத்திர எண், ஆண்டு, எழுதிக் கொடுத்தவர் பெயர் கையில் இருந்தால் தேடும் கட்டணம் குறையும். எத்தனை ஆண்டுகளைத் தேடுகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் செலவு. எனக்கு ஒன்பது நாளில் கிடைத்தது. பதியாத பத்திரம் என்றால் நல்ல வெளிச்சத்தில் ஸ்கேன் எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள்.

அப்புறம், முழுப் பத்திரத்தையும் உங்கள் கையால் ஒருமுறை எழுதுங்கள். வேலை மெனக்கெட்டதாகத் தோன்றும். ஆனால் எழுதும்போதுதான் எந்தச் சொல் புரியவில்லை என்பதே புரியும். படிக்கும்போது எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கும்.

2. அந்நியச் சொல்லைப் பொறுக்கி எடுப்பது

எங்கள் கறாரில் இருந்த ஒரு வாக்கியம் இது:

“வாயிதா தேதிக்குள் மேற்படி பாக்கித் தொகை ரூ. 350-ம் செலுத்தி ரசீது பெற்றுக்கொள்வதாகவும், தவறினால் ஷரத்துப்படி கறார் ரத்தாகி, ஜாமீன் ஆசாமி ஜவாப்தாரி ஆவதாகவும்...”

வாயிதா, பாக்கி, ரசீது, ஷரத்து, கறார், ரத்து, ஜாமீன், ஆசாமி, ஜவாப்தாரி. ஒன்றரை வரிக்குள் ஒன்பது சொற்கள். ‘தேதி’ அந்தக் கணக்கில் வராது, அது நம்ம ‘திதி’தான்.

வடமொழி எழுத்து வந்தாலே அரபி, பாரசீகம் என்று நினைத்துவிடாதீர்கள். ஜன்னல், சாவி போர்ச்சுகீசியம். ஏலமும் அப்படித்தான். கிரயம், சுவாதீனம், பாத்தியம் எல்லாம் சமஸ்கிருதம். அடங்கல், புறம்போக்கு இரண்டும் சுத்தத் தமிழ். மாறாக, மகசூல், வாரிசு, நகல், அசல், வசூல், முகாம் என்று சாதாரணமாகப் புழங்கும் சொற்கள் அரபி வழி வந்தவை.

அடையாளம் காணச் சுலபமான வழி வால் பகுதியைப் பார்ப்பது. ‘தார்’ என்று முடிந்தால் பாரசீகத்தில் ‘வைத்திருப்பவர்’: தாசில்தார், மிராசுதார், ஜமீன்தார். ‘நாமா’ என்றால் எழுத்து, ஆவணம்: ராஜிநாமா, முக்தியார்நாமா. ‘பந்தி’ என்றால் கட்டுதல், தீர்மானித்தல்: ஜமாபந்தி. முன்னால் ‘பே’ வந்தால் ‘இல்லாமல்’. பேநாமி, அதாவது பெயரில்லாதது, தேய்ந்து பினாமி ஆயிற்று.

3. தமிழ் வாய் என்ன செய்தது என்று பின்னோக்கிப் போவது

அகராதியில் தேட மூல உச்சரிப்பு வேண்டும். ‘பசலி’ (வருவாய்த் துறைக் கணக்கு ஆண்டு) என்று தேடினால் பாரசீக அகராதியில் எதுவும் வராது, ‘ஃபஸ்லி’ என்று தேட வேண்டும். நான் பிடித்துவைத்த மாற்றங்கள் இவை.

‘ஃப’ நம்மிடம் ‘ப’ ஆகும். ஃபிர்கா பிர்க்கா (தாலுகாவின் உட்பிரிவு) ஆனது, ஃபைசல் பைசல் ஆனது, சிஃபாரிஷ் சிபாரிசு ஆனது.

‘ஹ’ சொல்லின் தொடக்கத்தில் இருந்தால் உதிரும்: ஹாஜிர் என்பது ஆஜர். நடுவில் இருந்தால் ‘க’ ஆகும்: மஹ்சூல் மகசூல், மஹ்ஜர் மகஜர். சில இடத்தில் காணாமலே போகும்: தஹ்சீல்தார் தாசில்தார்.

கடைசியில் மெய் வந்தால் நாம் ஒரு ‘உ’ சேர்த்துக்கொள்வோம். ஷர்த் ஷரத்து, வாரிஸ் வாரிசு.

நான் அதிகம் சிக்கியது ‘ஜ’வில். உருதுக்காரர்கள் ஜே, ஜால், ஜுவாத், ஜோய் என்று நான்கு எழுத்து வைத்திருக்கிறார்கள். நான்குக்கும் உச்சரிப்பு ஒன்றுதான். நம்மிடம் வரும்போது நான்கும் ‘ஜ’ அல்லது ‘ச’. இதற்கு மேல் ‘ஜீம்’ என்ற அசல் ஜகரமும் உண்டு. அதனால் ஒரு எழுத்தில் கிடைக்கவில்லை என்றால் மற்றதிலும் தேடுங்கள். ஜமீன் என்பது பாரசீகச் சொல், நிலம், எழுத்து ஜே. ஜாமீன் என்பது அரபி, பொறுப்பு ஏற்பவர், எழுத்து ஜுவாத். இரண்டுக்கும் எந்த உறவும் இல்லை. முதல் மொழிபெயர்ப்பாளர் ஒரு பக்கத்தில் இவற்றைக் குழப்பி, தாத்தாவின் ஜாமீன்தாரை ஜமீன்தார் ஆக்கிவிட்டார். எங்கள் வம்சத்தில் அப்படி ஒருவர் இருந்திருந்தால் கடனே கேட்டிருக்க மாட்டோம்.

4. எந்த அகராதி, எந்த வரிசையில்

செலவு எதுவும் இல்லை, எல்லாம் இணையத்தில் இலவசம். ஆனால் வரிசை முக்கியம். நான் தலைகீழாகப் போய்த்தான் ஒரு மாதத்தை வீணடித்தேன்.

முதலில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன். 1924 முதல் 1936 வரை வெளிவந்தது, 1939-ல் அனுபந்தம். அந்தக் காலத்து வழக்கை அந்தக் காலத்திலேயே பதிந்தது என்பதால் 1951 பத்திரத்துக்கு இதைவிட நெருக்கமான சாட்சி கிடையாது. பொருள் ஆங்கிலத்திலும் இருக்கும். பல சொற்களுக்கு மூலம் உருது என்று குறி போட்டிருப்பார்கள். அதோடு நிறுத்திவிடாதீர்கள். உருது நம்மிடம் சொல் வந்த வாசல், வீடு அதற்குப் பின்னால் இருக்கிறது. ‘ஜ’வில் கிடைக்காவிட்டால் ‘ச’வில் பாருங்கள்.

இரண்டாவது வில்சனின் நீதி, வருவாய்த் துறைச் சொற்களின் தொகுப்பு, 1855. நில ஆவணத்துக்கு இதுதான் உயிர். அரபி, பாரசீகத்தோடு தமிழ், தெலுங்குச் சொற்களும் ஒரே இடத்தில் இருக்கும். அரபியில் என்ன பொருள் என்பதை விட, இந்தியாவில் கச்சேரியிலும் கோர்ட்டிலும் என்ன பொருளில் எழுதினார்கள் என்பதைச் சொல்லும். ஒரே தொல்லை, அவருடைய ரோமன் எழுத்துக்கூட்டல் இன்றைய வழக்கம் போல இருக்காது. இரண்டு மூன்று விதமாகத் தேட வேண்டியிருக்கும்.

மூன்றாவது பிளாட்ஸின் உருது அகராதி, 1884. ஒவ்வொரு சொல்லின் முன்னாலும் அரபியா, பாரசீகமா, சமஸ்கிருதமா என்று ஒற்றை எழுத்துக் குறி இருக்கும். ஸ்டைன்காஸின் பாரசீக அகராதி, 1892, இதற்குத் துணை. இரண்டும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய அகராதித் தளத்தில் ரோமன் எழுத்தில் தேடக் கிடைக்கின்றன.

ஹான்ஸ் வேர் என்பவரின் அரபி அகராதியைக் கடைசியில் தொடுங்கள். அது இன்றைய எழுத்து அரபிக்கானது. சொற்கள் அகரவரிசையில் இருக்காது. மூன்றெழுத்து வேரின் கீழ் அடுக்கியிருக்கும். வேர் தெரியாமல் திறந்தால் ஒரு மணி நேரம் போவதே தெரியாது. நான் ‘ஜில்லா’வுக்கு அரபி அகராதியைப் பார்த்தபோது விலா எலும்பு என்று இருந்தது. தப்பான பக்கம் என்று மூடிவிட்டேன். தப்பே இல்லை. விலா, பக்கம், பிறகு நிலப்பகுதி, பிறகு மாவட்டம் என்று பொருள் நகர்ந்து வந்திருக்கிறது.

இணைய மொழிபெயர்ப்புக் கருவியை இந்த வேலைக்கு நம்ப வேண்டாம். ‘தஹ்சீல்’ என்பதைப் பாரசீகமாக எடுத்துக்கொண்டால் கல்வி என்று வரும், ஏனென்றால் ஈரானில் இன்று அதற்குப் படிப்பு என்று பொருள். நம் தாசில்தாரின் தாசில் வரி வசூல்.

5. வேரைப் பார்ப்பது, ஆனால் வேரை மொழிபெயர்க்காமல் இருப்பது

வேர் தெரிந்தால் பாதிச் சொற்கள் தாமாகக் கூட்டம் சேரும். வாரிசும் மிராசும் ஒரே வேர், ‘மரபாக வருதல்’. வக்கீல், வக்காலத்து ஒரு வீடு. ஆஜரும் மகஜரும் ‘நேரில் இருத்தல்’ என்ற வேரிலிருந்து வந்த அண்ணன் தம்பி. இலாகாவும் தாலுகாவும் ‘தொங்குதல், சேர்ந்திருத்தல்’ என்ற ஒரே வேர். எனக்கு ரொம்பப் பிடித்தது பசலியும் பைசலும். இரண்டுக்கும் வேர் ‘பிரித்தல்’. வருஷத்தைப் பிரித்தால் பருவம், அறுவடை. வழக்கைப் பிரித்தால் தீர்ப்பு.

ஒலியை மட்டும் வைத்து உறவு கட்டாதீர்கள். மகசூலும் தாசிலும் உறவு. வசூல் அந்த வீட்டுப் பிள்ளை இல்லை, அதன் வேர் ‘வந்து சேர்தல்’.

இவ்வளவு இருந்தும், மொழிபெயர்ப்பில் வேர்ப்பொருளை எழுதக்கூடாது. பத்திரம் எழுதிய ஆண்டில், எழுதிய இடத்தில் என்ன பொருளோ அதைத்தான் எழுத வேண்டும். வேர், சந்தேகம் வந்தால் கூப்பிடும் சாட்சி மட்டுமே.

6. நிச்சயமாகக் காலை வாரும் சொற்கள்

இந்தப் பகுதிக்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன். இவை இன்றும் பேச்சில் இருக்கும் சொற்கள், அதனால் யாரும் அகராதியைப் பார்ப்பதில்லை.

கறார்: இன்று ‘கண்டிப்பு’. பழைய பத்திரத்தில் ஒப்பந்தம், ஆங்கிலத்தில் ‘அக்ரிமெண்ட்’. எங்களுக்கு வந்த முதல் மொழிபெயர்ப்பில் தலைப்பே ‘ஸ்ட்ரிக்ட் டீட்’ என்று இருந்தது.

வாயிதா: அரபியில் வாக்குறுதி. கோர்ட்டில் வாய்தா என்றால் ‘அட்ஜர்ன்மெண்ட்’. பத்திரத்தில் பணம் கட்ட ஒப்புக்கொண்ட கெடு, ‘டியூ டேட்’. முன்னதைப் போட்டால் ஏதோ வழக்கு நடந்திருக்கிறது என்று வங்கி பயந்துவிடும். பயந்தது.

ஜாமீன்: குற்ற வழக்கில் ‘பெயில்’. கடன், கிரய ஒப்பந்தத்தில் ‘ஷ்யூரிட்டி’. இங்கே பெயில் என்று எழுதினால் தாத்தா ஜெயிலுக்குப் போய்வந்தவர் ஆகிவிடுவார்.

ஆசாமி: இதற்கு ‘ஃபெல்லோ’ என்று வந்திருந்தது. எனக்கே கொஞ்சம் கோபம், ஜாமீன் போட்டவர் எங்கள் பாட்டியின் அண்ணன். ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர் ஒருவரிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்: “அந்தக் காலத்துல ஆசாமின்னா மரியாதைக் குறைவு இல்ல தம்பி. கணக்குல ஒரு ஆள், அவ்வளவுதான்.” அரபியில் அது ‘பெயர்கள்’ என்ற பன்மை. பட்டியலில் பெயர் உள்ளவர் என்பதிலிருந்து குடியானவர், குத்தகைதாரர், கடனாளி, பிரதிவாதி என்று வழக்கு விரிந்தது. வில்சன் இந்தப் பொருள்களை எல்லாம் கொடுக்கிறார். எது பொருந்தும் என்பதை வாக்கியம் சொல்லும்.

ராஜிநாமா: இன்று வேலையை விடுவது. கோர்ட்டுத் தாளில் ‘ராஜி’ என்றால் சமரசம், ‘காம்ப்ரமைஸ்’. வருவாய்த் துறைத் தாளில் ரயத்து (குடியானவர்) நிலத்தை விட்டுக்கொடுப்பது, ‘ரிலிங்க்விஷ்மெண்ட்’. இதில் தவறினால் உரிமையே மாறிவிடும், கவனம்.

குமாஸ்தா: பாரசீகத்தில் நியமிக்கப்பட்டவர். வியாபாரக் குடும்பத்தின் பத்திரத்தில் முதலாளிக்காகக் குமாஸ்தா கையெழுத்துப் போட்டிருந்தால் அவர் ‘ஏஜெண்ட்’, வெறும் ‘கிளார்க்’ இல்லை.

பந்தோபஸ்து: இன்று போலீஸ் காவல். நில வருவாய்த் தாளில் ஏற்பாடு, ‘செட்டில்மெண்ட்’.

மசோதா: இன்று சட்டசபையில் வருவது. பழைய தாளில் எதற்கும் முதல் வரைவு, ‘டிராஃப்ட்’. தாளைக் கறுப்பாக்கியது என்பது அரபி மூலம். என் மேஜையைப் பார்த்தால் அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்று தெரியும்.

தகராறு, மாமூல் இரண்டையும் சந்தேகத்தோடு படியுங்கள். தகராறு மூலத்தில் ‘திரும்பத் திரும்பச் சொல்வது’, பத்திரத்தில் ‘டிஸ்ப்யூட்’. மாமூல் பத்திரத்தில் ‘வழக்கப்படி’. மாமூல் பாதை என்றால் வழக்கமாகப் போகும் பாதை, லஞ்சம் கொடுத்துப் போகும் பாதை இல்லை.

7. மொழிபெயர்க்கக் கூடாதவை

தாசில்தார், தாலுகா, பிர்க்கா, பசலி, ஜமாபந்தி, இனாம், பினாமி இவற்றை ஆங்கிலத்திலும் அப்படியே விடுங்கள். இவை இந்தியச் சட்ட ஆங்கிலத்தில் குடியேறிவிட்ட சொற்கள்; பினாமி பெயரில் 1988-ல் சட்டமே இருக்கிறது. தாசில்தாரை ‘டாக்ஸ் கலெக்டர்’ ஆக்கினால் எந்த அதிகாரி என்று யாருக்கும் புரியாது. தமிழக அரசு ஆங்கிலத்தில் எப்படி எழுதுகிறதோ அதே எழுத்துக்கூட்டலைப் பின்பற்றுங்கள், ‘தாலுக்’ என்றால் கடைசி வரை ‘தாலுக்’.

பைமாஷ் நம்பர் வந்தால் அதையும் அப்படியே விட்டு, பக்கத்தில் ‘பழைய அளவை எண்’ என்று ஆங்கிலத்தில் குறிப்புப் போடுங்கள். பைமாஷ் பாரசீகத்தில் அளத்தல். அதை இன்றைய சர்வே எண்ணாக நினைத்து எழுதினால் வேறு யாருடைய நிலத்தையோ அடகு வைத்ததாக ஆகும். இரண்டு எண்ணையும் இணைக்கும் ஆதாரத்தைத் தாலுகா அலுவலகத்தில் தனியாகக் கேட்க வேண்டும்.

8. பசலி ஆண்டை மாற்றுவது

தமிழ்நாட்டில் பசலி ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடியும். ஜூலை முதல் டிசம்பர் வரையிலான தேதிக்குப் பசலி எண்ணோடு 590 கூட்டுங்கள், ஜனவரி முதல் ஜூன் வரை 591. பசலி 1360 என்றால் 1950 ஜூலை முதல் 1951 ஜூன் வரை. பங்குனியில் கட்டிய 1360-ஆம் பசலிக் கிஸ்தி ரசீது ஆங்கிலத் தேதியில் 1951 ஆகும்.

இதை இஸ்லாமிய ஆண்டான ஹிஜ்ரி என்று நினைப்பவர்கள் உண்டு. ஹிஜ்ரி 1360 என்பது 1941-ல் தொடங்குகிறது. எங்கள் கிஸ்தி ரசீதுகளை இரண்டாவதாக ஒருவரிடம் கொடுத்துப் பார்த்தபோது அவர் அப்படித்தான் கணக்குப் போட்டார். நிலம் வாங்குவதற்குப் பத்து வருஷம் முன்பே தாத்தா அதற்கு வரி கட்டியதாக வந்தது.

9. சொற்பட்டியல், பிரமாணம், ஒப்படைப்பு

மொழிபெயர்ப்பின் கடைசியில் ஒரு பக்கம் சொற்பட்டியல் சேருங்கள். மூன்று பத்தி போதும்: பத்திரத்தில் உள்ள சொல், நீங்கள் எழுதிய ஆங்கிலம், எந்த அகராதி. எங்களுடையதில் 31 சொற்கள் வந்தன. இதை யாரும் கேட்கவில்லை, ஆனால் இதைப் பார்த்த பிறகுதான் வங்கி வக்கீல் கேள்வி கேட்பதைக் குறைத்தார்.

குடும்பத்து ஆள் செய்த மொழிபெயர்ப்பைப் பல இடங்களில் ஏற்க மாட்டார்கள். எனவே முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்: யார் மொழிபெயர்க்கலாம், நோட்டரி முன் பிரமாணப் பத்திரம் வேண்டுமா, ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை வேண்டுமா. நான் சொற்பட்டியலோடு வரைவைத் தயார் செய்து, தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் சரிபார்த்துக் கையெழுத்திடக் கொடுத்தேன். புதிதாக மொழிபெயர்ப்பதற்குக் கேட்டதில் பாதிக்கும் குறைவாக வாங்கிக்கொண்டார், மூன்று நாளில் கொடுத்தார். பிரமாணத்துக்கான முத்திரைத்தாள் மதிப்பு அவ்வப்போது மாறுகிறது. பழைய தொகையை நம்பி வாங்கிவைக்காமல் அன்றைக்கு நோட்டரியிடமே கேட்டு வாங்குங்கள்.

மொத்தம் நான்கு வாரம் ஒதுக்குங்கள்: நகலுக்கு இரண்டு, அகராதிக்கும் வரைவுக்கும் ஒன்றரை, கையெழுத்துக்கு மிச்சம். இரண்டாம் முறை அனுப்பியபோது வங்கியிலிருந்து ஒரே கேள்விதான் வந்தது. பிர்க்கா என்பது ஊர்ப் பெயரா என்று கேட்டிருந்தார்கள். சொற்பட்டியலில் 14-ஆவது வரியைப் பார்க்கச் சொல்லி தம்பி பதில் போட்டான்.